ஒறுத்தலும் இரங்கலும்: இலங்கையிற் கொலைத்தண்டத்தின் வரலாறு

கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் சமயங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றி நிற்கும் நாடு இலங்கை. அவ்வாறிருந்தும், கொலைஞனைக் கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா என்னும் வினாவிற்கு இந்நாடு இன்றுவரை நேரான விடை கூறியதில்லை. நீதிமன்றங்கள் மரணதண்டனை விதிக்கின்றன. சிறைச்சாலை அதனை நிறைவேற்றுவதில்லை. 1976ஆம் ஆண்டு யூன் 23ஆந் திகதிக்குப் பின் இலங்கையிலே தூக்கிலிடப்பட்டவர் எவருமிலர். ஆயினும் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கின்றது. இவ்விரட்டை நிலை அண்மைக்கால அரசியலாளரின் மனவுறுதிக் குறைவால் விளைந்ததென்று கருதுவோர் உளர். பழைய நூல்களைப் புரட்டினால் அது மிகத் தொன்மையான வழக்கமென்பது புலனாகும்.

கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்டவன் வோகாரிகதீசன். வழக்குநெறி அறிந்தவன் என்னும் பொருள்பட வழங்கிய பெயர் அது. உடலை ஊறுபடுத்தும் தண்டங்களை அவன் நீக்கினான் என்று மகாவம்சம் கூறும். அவனுக்குச் சில காலத்தின் பின் அரசெய்திய சிறிசங்கபோதியின் செயல் இன்னும் வியப்பிற்குரியது. அவன் காலத்தில் நாட்டின் பல பாகங்களிலும் கலகக்காரர் தலையெடுத்தனர். மன்னன் அவர்களைப் பிடித்துவரச் செய்தான். பிடிபட்டவர்களை மறைவாக விடுவித்தான். பின்னர், ஏற்கனவே இறந்துபோனோரின் உடல்களை யாருமறியாமல் தருவித்து அவற்றைத் தீயிலிடுவித்தான். குற்றவாளிகள் ஒறுக்கப்பட்டனர் என்றெண்ணிக் குடிகள் அச்சந் தெளிந்தனர்.

இக்கதையை அரசனது அருளுள்ளத்திற்குச் சான்றாக எடுத்துரைப்பதே மரபு. எனினும் அதனுள்ளே அரசியலுண்மை ஒன்றும் அடங்கியிருக்கின்றது. கொல்வதற்கு மன்னன் உடன்படவில்லை; தான் கொல்லவில்லை என்பதைக் குடிகளின் முன்னே கூறவும் அவனால் இயலவில்லை. குடிகள் தண்டத்தைக் காண விரும்பினர். அவன் தண்டத்தின் தோற்றத்தை மாத்திரம் அவர்களுக்குக் காட்டினான். கருணை கள்ளத்தனமாகவே நடமாட வேண்டியிருந்தது. இவ்விரு மன்னரும் இயல்பான சாவு எய்தினாரல்லர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். வோகாரிகதீசன் தன் உடன்பிறந்தானாகிய அபயநாகனாற் கொலையுண்டான். அரசைத் துறந்து சென்ற சிறிசங்கபோதி, தன் தலைக்கு விலை குறிக்கப்பட்டிருப்பதை அறிந்து, வறிய வழிப்போக்கன் ஒருவன் அப்பொருளைப் பெறுமாறு தன் தலையையே கொடுத்தான் என்பர். குமணன் கதை பயின்ற தமிழருக்கு இது கேட்ட செய்தி போலவே தோன்றும்.

பௌத்த நூல்கள் மரணதண்டனையை எவ்வாறு நோக்கின என்பதை அறிவதற்குத் தேமிய குமாரனின் சாதகக்கதை பெரிதும் உதவும். காசி மன்னனின் மைந்தனாகப் பிறந்த போதிசத்துவர், கைக்குழந்தையாகத் தந்தையின் மடியில் இருக்கும்பொழுது, கள்வர் சிலருக்கு அவன் கடுந்தண்டம் விதிப்பதைக் கேட்கின்றார். முற்பிறப்பொன்றிலே தாமும் அரசராயிருந்து இவ்வாறு தண்டம் விதித்ததனால் நெடுங்காலம் நரகிற் கிடந்துழன்றமை அவர் நினைவிற்கு வருகின்றது. அன்று முதல் ஊமைபோலவும் முடவர்போலவும் பதினாறு ஆண்டுகள் நடிக்கின்றார். அரசுரிமை தம்மிடம் வந்துவிடலாகாது என்பதே அவர் நோக்கம். ஈற்றில் துறவு பூண்கின்றார். கொலைத்தண்டத்தைப் பற்றி இதனினும் கடுமையான கண்டனத்தைக் காண்டல் அரிது. எனினும் தேமியர் அச்சட்டத்தை மாற்றப் புகுந்தாரல்லர். அரியணையை விட்டு விலகினார். பாவத்திலிருந்து தம்மைக் காத்துக்கொண்டார். காசி நாட்டுக் கள்வரின் கழுத்து முன்போலவே வாளின் கீழ் இருந்தது.

இந்து நூல்களில் ஒருமித்த கருத்தை எதிர்பார்த்தல் வீண். கொல்லாமைக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவரே, செங்கோன்மை அதிகாரத்தின் இறுதியிலே, கொடியோரை வேந்தன் கொலையால் ஒறுத்தலைப் பயிரைக் காக்கும் உழவன் களைபறித்தலோடு ஒப்பிடுகின்றார். இதனை மறைத்து, வள்ளுவர் கொலைத்தண்டத்தை வெறுத்தவர் என்று மேடைகளில் முழங்குவது நேர்மையாகாது. ஆனால் மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலே, பலராலும் எடுத்துப் பேசப்படாத உரையாடல் ஒன்று உண்டு. துயுமத்சேன மன்னனின் ஆணைப்படி சிலர் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர். அரசன் மகனாகிய சத்தியவான் அதனைத் தடுத்துரைக்கின்றான். சாவித்திரியாற் கூற்றுவனின் கையிலிருந்து மீட்கப்பட்டவன் இவனே என்பதை நினைந்தால் அவன் பேச்சுக்குத் தனிச்சுவை உண்டாகின்றது. ஒரு கள்வனைக் கொல்லும் அரசன் அவன் மனைவியையும் தாயையும் தந்தையையும் மக்களையும் உடன் கொன்றவனாகின்றான் என்பது அவன் முதல் வாதம். தீயவன் நல்லாரைச் சார்ந்து திருந்துதலும் உண்டு. தீயவனுக்கு நன்மக்கள் பிறத்தலும் உண்டு. ஆகவே வேரோடு களைதல் அறமாகாது என்பது அடுத்த வாதம். இனிக் குற்றஞ் செய்யேன் என்று உறுதி கூறுவோனை விட்டுவிடலாம் என்றும் கூறுகின்றான்.

தந்தையின் விடையும் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. முற்காலத்து மாந்தருக்குக் கடிந்து கூறும் ஒரு சொல்லே தண்டமாயிருந்தது; பின்னர்ப் பொருட்டண்டம் வேண்டியதாயிற்று; இக்காலத்தாரோ கொலைத்தண்டத்திற்கும் அஞ்சுகின்றாரில்லை என்கின்றான் மன்னன். இன்றைய செய்தித்தாள்களில் இருபக்கத்தாரும் எழுதுவனவற்றுள் இவ்விருவரும் கூறாதது மிகச் சிலவே. சத்தியவானுக்கும் தேமியருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. தேமியர் அரசை விட்டு நீங்கினார். சத்தியவான் அரசின் உள்ளே நின்று வேறு சட்டம் கேட்டான்.

தமிழரிடத்து இப்பொருள் பற்றிய நினைவு நூலளவில் நில்லாது வழிபாட்டிலும் கலந்திருக்கின்றது. தீர விசாரியாது பாண்டியன் இட்ட ஆணையாற் கொலையுண்ட வணிகனின் கதையே சிலப்பதிகாரம். அவன் மனைவி கண்ணகி ஈழத்தின் கிழக்கிலும் வடக்கிலும் அம்மனாகவும், சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வமாகவும் வணங்கப்படுகின்றாள். மட்டக்களப்புப் பகுதியிலே வைகாசிச் சடங்கும் குளிர்த்தியும் அவள் சினந் தணியவே நிகழ்கின்றன. பிழையான மரணதண்டனையால் கைம்மையுற்ற ஒருத்தியை இரு மொழியினரும் தெய்வமாக்கிய நாடு இது. எனினும் அவ்வழிபாடு எக்காலத்தும் தண்டநீதியைத் திருத்தப் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

பிற்கால அரசரைப் பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை. கண்டியரசிலே குற்றவாளிகள் யானைக் காலில் இடப்பட்டதை, 1681ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இறொபேட் நொக்சு எழுதியுள்ளார். சைவ மரபிற் பிறந்து பௌத்தத்தைப் புரந்த நாயக்க மன்னருள் இறுதியானவனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கன் 1814ஆம் ஆண்டு எகலபொலையின் மனைவி மக்களைக் கொல்வித்த செயல், அவன் ஆட்சியின் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. இரு சமயங்களின் அருளறமும் அக்குழந்தைகளைக் காக்கவில்லை.

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி நிறைவேறிய கண்டி உடன்படிக்கை இவ்வரலாற்றிலே ஒரு திருப்பம். அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தைக் காப்பதாக உறுதி கூறிற்று. ஆறாம் பிரிவு உடல்வதையையும் உறுப்புக் குறைத்தலையும் ஒழித்தது. ஏழாம் பிரிவோ, பிரித்தானியத் தேசாதிபதியின் எழுத்துமூலமான ஆணையின்றி எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றலாகாது என்று விதித்தது. அன்றிலிருந்து இந்நாட்டில் ஓர் உயிரின் முடிவு ஒரு கையொப்பத்தில் தங்கலாயிற்று. கையொப்பமிடுவோரின் பதவிப்பெயர் பின்னர் மாறியது, வழக்கம் மாறவில்லை. அந்நியர் அக்கையொப்பத்தை இடத் தயங்கினர் என்று எண்ணுதல் தவறு. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் முடிவிலே கெப்பெட்டிபொலை சிரச்சேதஞ் செய்யப்பட்டான். 1848இல் தோறிங்டன் தேசாதிபதியின் காலத்திற் குடாபொலத் தேரர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டியது; தேசாதிபதி திருப்பியழைக்கப்பட்டார். அங்கே மக்களின் மனத்தைப் புண்படுத்தியது கொலையினும் காவியுடையே எனலாம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகிய தண்டனைச் சட்டக்கோவை, தன் 296ஆம் பிரிவிலே கொலைக்கு மரணதண்டனையை வரையறுத்தது. அப்பிரிவு இன்றும் உள்ளது.

1956ஆம் ஆண்டு ஏப்பிரலிலே எசு. டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பிரதமரானார். புத்தர் பரிநிருவாணமெய்திய 2500ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட காலம் அது. தமிழர் அவரை நினைக்குங்கால் அவ்வாண்டின் அரசகரும மொழிச் சட்டமும், பிக்குமாரின் எதிர்ப்பிற்கு அஞ்சிக் கைவிடப்பட்ட பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தமும், 1958ஆம் ஆண்டின் கலவரமுமே முன்னே வந்து நிற்கும். அது இயல்பே. எனினும் தூக்குமரத்தை நிறுத்திவைத்த முதற் பிரதமரும் அவரே என்பதை வரலாறு மறைத்தல் கூடாது. பதவியேற்ற ஆண்டிலேயே தூக்கிலிடுதலை அவர் அரசாங்கம் நிறுத்தியது. 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கொலைக்குற்றத்திற்கான மரணதண்டனையை மூன்றாண்டுகளுக்கு இடைநிறுத்தியது. அடிலெயிட் பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவர் நோர்வல் மொறிசின் தலைமையில் ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. சமய உணர்ச்சியை மாத்திரம் நம்பாது, தூக்குமரம் இல்லாதபோது கொலைகள் பெருகுகின்றனவா என்பதை ஆராய்ந்தறியப் புகுந்தமை இம்முயற்சியின் சிறப்பு. இடைநிறுத்தத்தாற் கொலைகள் பெருகின என்பதற்குச் சான்றில்லை என்பதே ஆணைக்குழு கண்ட முடிவு. அறிக்கை 1959ஆம் ஆண்டு வெளிவந்தது.

அதே ஆண்டு செப்தெம்பர் 25ஆந் திகதி காலையிலே, கொழும்பு உறொசுமீட் பிளேசிலுள்ள தம் இல்லத்திற்கு வந்திருந்த பிக்கு ஒருவரைப் பிரதமர் குனிந்து வணங்கினார். வணங்கப்பட்டவர் தல்துவே சோமாராம தேரர். ஆயுர்வேதக் கல்லூரியிலே கண்வைத்தியம் கற்பித்தவர். அவர் தம் காவியுள் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியாற் பிரதமரைச் சுட்டார். மறுநாட் பிரதமர் இறந்தார். இறக்குமுன் மருத்துவமனையிலிருந்து நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி விடுத்தார். தம்மைச் சுட்டவனைப் பிக்குவின் உடை தரித்த அறிவிலி ஒருவன் என்று அதிற் குறிப்பிட்டார். அவன்மீது இரக்கங் காட்டும்படியும் பழிவாங்க முயலாதிருக்கும்படியும் மக்களை வேண்டினார். அருளறம் பேசிய அரசியலாளர் பலர். அதனைக் குண்டடிபட்ட உடலோடு பேசியவர் மிகச் சிலர்.

அவ்வேண்டுகோளுக்கு நாடு அளித்த விடை விரைவானது. அவருக்குப்பின் பிரதமரான வி. தகநாயக்காவின் அரசாங்கம், அவ்வாண்டு திசெம்பரிலே, 1959ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் இடைநிறுத்தத்தை நீக்கி மரணதண்டனையை மீட்டது. அச்சட்டம் நிறைவேறுமுன் நிகழ்ந்த கொலைக்கும் அது பொருந்துமாறு எழுதப்பட்டது. எந்தக் கொலையை நோக்கி அவ்வாறு எழுதினர் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. மொறிசு அறிக்கையின் மை உலருமுன்னரே அது பயனற்றதாயிற்று. மரணதண்டனையை ஒழித்தால் வரும் தீமை யாது என்று ஆராய்ந்தவர்கள் எண்ணாத ஒன்று அது. ஒழித்தவனே கொலையுண்பான் என்று எவர் எண்ணுவர்?

1961ஆம் ஆண்டு நீதியரசர் ரி. எசு. பெர்னாண்டோவின் முன்னிலையில் யூரிமாருடன் விசாரணை நடைபெற்றது. களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித தேரரும், எச். பி. சயவர்த்தனாவும், சோமாராமரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மூவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு குற்றவியல் மேன்முறையீட்டு மன்று முதலிருவரின் தண்டனையை ஆயுட்கால மறியலாகக் குறைத்தது. அதற்குக் காரணம் இரக்கமன்று, சட்டத்தின் சொல்லே. பின்னோக்கிச் செல்லுமாறு அவசரத்தில் வரையப்பட்ட சட்டம், கொலை புரிந்தவனைப் பற்றிப் பேசிற்றேயன்றிக் கொலைக்குச் சதிசெய்தவனைத் தன் வலைக்குள் அகப்படுத்தவில்லை. சதியின் தலைவரென்று குற்றங் காணப்பட்டவர் உயிர் பிழைத்தார். ஏவப்பட்டவர் தூக்குமேடைக்குச் சென்றார். மரணதண்டனை நீதியின் நிறைகோல் என்று கூறுவோர் இவ்வழக்கை ஒருமுறை ஊன்றிப் பயில்வது நன்று.

அப்பொழுது பிரதமராயிருந்தவர் கொலையுண்டவரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கா. தண்டத்தைக் குறைக்கும் அதிகாரம் மகாதேசாதிபதியிடம் இருந்தது; அவரோ அமைச்சரின் ஆலோசனைப்படி நடப்பவர். குறைக்கப்படவில்லை. காவியைக் களைந்து, இறுதி நாளிலே கிறித்தவ ஞானத்தானமும் பெற்ற சோமாராமர், 1962ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி வெலிக்கடைச் சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டார். கணவனைப் பறிகொடுத்த ஒருவரிடம் தேமியரின் துறவை எதிர்பார்க்கும் உரிமை பிறருக்கில்லை. ஆனால் சட்டமன்றம் முழுவதும் கணவனை இழந்திருக்கவில்லை. இறந்தவரின் இறுதி விருப்பத்தை நினைவூட்டும் கடமை அதற்கு இருந்தது.

1976இன் பின்னர் தூக்குமரம் ஓய்ந்ததற்கு எந்தச் சட்டமும் காரணமன்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பௌத்தத்திற்கு முதன்மையான இடம் அளித்த அதே ஏட்டிலே, தகுதிவாய்ந்த நீதிமன்றின் கட்டளையாலன்றி எவரும் மரணதண்டனைக்கு உள்ளாகலாகாது என்று கூறி, அத்தண்டனையை உடன்பாடாக ஏற்றுக்கொண்டது. 34ஆம் உறுப்புரை, தண்டனை விதித்த நீதிபதியின் அறிக்கையும், அதன்மேற் சட்டமா அதிபரின் ஆலோசனையும், நீதியமைச்சரின் விதப்புரையும் சனாதிபதியிடம் வரவேண்டும் என்கின்றது. 1984இல் நச்சுப் போதைப்பொருட் குற்றங்களுக்கும் மரணதண்டனை விரிக்கப்பட்டது. விதிக்கப்படும் இடம் பெருகியது. நிறைவேற்றும் இடம் வெறுமையாய்க் கிடந்தது. சனாதிபதிகள் ஒருவர்பின் ஒருவராகக் கையொப்பமிடாது விட்டனர். 1999இலும், மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கொலையுண்ட 2004ஆம் ஆண்டின் இறுதியிலும், தூக்குத்தண்டனை மீளும் என்று சந்திரிகா குமாரதுங்காவின் ஆட்சி அறிவித்தது. 1956இல் அதனை நிறுத்தியவரின் மகள் அவர். அறிவித்ததோடு அது நின்றது. சிறிசங்கபோதி பிணங்களை எரித்துக் காட்டினான். பிற்காலத்தார் அறிக்கைகளை விட்டுக் காட்டினர். குடிகளின் அச்சம் தீர இரண்டும் ஒரு தொழிலையே செய்தன.

இவ்வழக்கம் 2019இல் முறியும் நிலைக்கு வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலே அலுகோசுப் பதவிக்கு இருவர் வேண்டுமென்று விளம்பரம் செய்யப்பட்டது. விண்ணப்பிப்போர் நன்னடத்தையும் மனவுறுதியும் உடையோராதல் வேண்டும் என்பது நிபந்தனை. பழங்கதை எழுதிய பிக்குமாரும் இத்தகைய வரியைக் கற்பனை செய்திரார். நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். யூன் 26ஆந் திகதி, போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையிற் கையொப்பமிட்டுவிட்டதாகச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனா அறிவித்தார். உலகெங்கும் மரணதண்டனையை இடைநிறுத்தக் கோரும் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைத் தீர்மானத்திற்கு, அதற்கு முந்திய ஆண்டின் திசெம்பரிலே, அவருடைய அரசாங்கமே ஆதரவாக வாக்களித்திருந்தது. யூலை 5ஆந் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சமயமும் மரபும் அல்ல, சட்டத்தரணிகளின் மனுக்களே அந்நால்வரின் உயிருக்கு இடைநின்றன. பிக்குமாரிலும் ஏனைய சமயத்தவரிலும் கையொப்பத்தை வரவேற்றோரும் எதிர்த்தோரும் இருந்தனர்.

தமிழ் மக்களின் நெஞ்சிலே இப்பொருள் வேறொரு முகத்தோடு நிற்கின்றது. 2000ஆம் ஆண்டு திசெம்பரிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிருசுவிலில், தம் வீடு வளவுகளைப் பார்க்கச் சென்ற எண்மர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். 2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினன் ஒருவனுக்கு மரணதண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அவன் தூக்கிலிடப்படமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆயின் 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே சனாதிபதி கோட்டாபய இராசபக்சா அவனுக்கு மன்னிப்பளித்துச் சிறையினின்றும் விடுவித்தார். கொலைத்தண்டத்தை அறவழியில் எதிர்ப்போருக்கு இதனினும் கடிய சோதனை வாய்த்தல் அரிது. உயிரைக் கவராது விடுதல் வேறு, குற்றத்தை இல்லையென்றாக்குதல் வேறு என்பதைச் சட்டம் தெளிவாகப் பிரித்து வைக்காததன் விளைவு இது. தண்டனை ஏட்டளவில் மரணமாகவும் நடைமுறையிற் சிறையாகவும் இருக்கும்வரை, அதன் உண்மையான அளவை உறுதிசெய்வது நீதிமன்றமன்று, ஒரு பேனா. தந்தையோடு வாதிட்ட சத்தியவானும் தண்டமே வேண்டாம் என்றானல்லன்; கொலையல்லாத தண்டம் கேட்டான். மிருசுவில் எண்மரின் பொருட்டும் அந்த மன்னிப்பை எதிர்த்து மனுக்கள் உயர் நீதிமன்றிலே தாக்கல் செய்யப்பட்டன. அவற்றிலே கேட்கப்பட்டது தூக்குக்கயிறன்று. மன்னிப்பை நீக்குமாறே கேட்கப்பட்டது.